தமிழ்நாட்டுப் பயனர்களுக்கான கிளவுட் தரவுத்தளம்: ரீஜனைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளவுடில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கும்போது பெயர், கடவுச்சொல், சர்வரின் அளவு ஆகியவற்றோடு தரவுத்தளம் எந்த ஊரில் இருக்கும் என்பதைக் குறிக்கும் ‘ரீஜன்’ என்ற பெட்டியும் திரையில் வரும். சர்வர் சிறியதாகப் போய்விட்டால் சில நிமிடங்களில் பெரிதாக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல்லை நினைத்தபோது மாற்றலாம். ரீஜனை அப்படி மாற்ற முடியாது. ஆனாலும் பலர் அவசரத்தில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கோவை, மதுரை, சென்னை என்று பல ஊர்களிலிருந்து மென்பொருள் எழுதும் சிறிய குழுக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பயனர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதியுள்ளேன்.

ரீஜன் என்பதும் ஜோன் என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. ரீஜன் என்பது மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர் போன்ற ஒரு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்த பரப்பு. அந்தப் பரப்புக்குள் தனித்தனி மின் இணைப்பும் தனித்தனிக் குளிரூட்டலும் கொண்ட தரவு மையங்களை ‘அவைலபிலிட்டி ஜோன்’ என்று பிரித்து வைக்கிறார்கள். அமேசான் தன் ஜோன்களை ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளியும், ஆனால் 100 கிலோமீட்டருக்குள் இருக்கும்படியும் அமைக்கிறது. ஒரு ஜோனிலிருந்து இன்னொன்றுக்குச் சென்று திரும்ப ஆகும் நேரம் பொதுவாக 1 அல்லது 2 மில்லிசெகண்டுதான் என்பதால், ஒவ்வொரு எழுத்தையும் (தரவுத்தளத்தில் எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும்) இரண்டு ஜோன்களில் ஒரே நேரத்தில் பதிந்துவிட்டுத்தான் ‘ஆயிற்று’ என்று சொல்வது அங்கே சாத்தியமாகிறது. இரண்டு ரீஜன்களுக்கு நடுவே அது அவ்வளவு எளிதல்ல.

தமிழ்நாட்டுக்கு அருகில் எந்தெந்த ரீஜன்கள் இருக்கின்றன?

அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும், 2022 நவம்பர் முதல் ஹைதராபாத்திலும் ரீஜன்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் அஷூர் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கியது. கூகுள் கிளவுட் 2017-இல் மும்பைக்கும் 2021-இல் டெல்லிக்கும் வந்தது. ஆரக்கிள் 2019-இல் மும்பையிலும் 2020-இல் ஹைதராபாத்திலும் ரீஜன் திறந்தது. இவர்கள் எல்லோருக்கும் சிங்கப்பூரிலும் ரீஜன் உண்டு.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ‘சென்னையிலேயே அஷூர் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சென்னை ரீஜன் ஜோன்கள் இல்லாத ரீஜனாகவே அமைக்கப்பட்டது. புனே ரீஜனில் ஜோன்கள் உண்டு. சென்னை அதற்கு இணை ரீஜனாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தரவு மையம் விழுந்தால் தானாகவே பக்கத்து ஜோனுக்கு மாறிக்கொள்ளும் தரவுத்தளம் வேண்டுமென்றால், சில மில்லிசெகண்டு அதிகமானாலும் முதன்மைத் தரவுத்தளத்தைப் புனேயில் வைத்துக்கொண்டு, சென்னையில் அதன் நகலை வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தூரத்தால் உண்மையில் எவ்வளவு தாமதம் ஏற்படுகிறது?

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆகவே 100 கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்புவதற்குக் குறைந்தது 1 மில்லிசெகண்டு ஆகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது.

சென்னையிலிருந்து மும்பை வான்வழியாக ஏறக்குறைய 1,030 கிலோமீட்டர். ஆகவே குறைந்தபட்சம் 10 மில்லிசெகண்டு. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்களும் இருக்கின்றன என்பதால் நடைமுறையில் 20 முதல் 30 வரை வரும். சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். கணக்குப்படி 29, நடைமுறையில் 35-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் என்பதால் கணக்கே 140-இல் தொடங்குகிறது. நடைமுறையில் 200-ஐத் தாண்டும்.

இங்கே பலருக்கு வியப்பளிப்பது சிங்கப்பூர். சென்னையில் கரையேறும் ஐ2ஐ, டாடா இண்டிகாம், சீ-மீ-வீ 4, வங்காள விரிகுடா கேட்வே போன்ற கடலடிக் கேபிள்கள் சென்னையைச் சிங்கப்பூர், மலேசியப் பக்கத்தோடு நேராகவே இணைக்கின்றன. அதனால்தான் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தும் சிங்கப்பூரின் தாமதம் மும்பையைப் போல மூன்று மடங்காக இருப்பதில்லை. இந்தியாவில் ரீஜன்கள் வராத காலத்தில் இங்குள்ள பல நிறுவனங்கள் சிங்கப்பூரைப் பயன்படுத்தி வந்ததற்கு இதுவே காரணம்.

தரவுத்தளம் பயனருக்கு அருகில் இருக்க வேண்டுமா, ஆப் சர்வருக்கு அருகில் இருக்க வேண்டுமா?

ஆப் சர்வருக்கு, அதாவது உங்கள் ஆப்பின் நிரல் ஓடும் சர்வருக்கு, அருகில். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இந்த விடையைப் படியுங்கள்.

பயனரின் கைபேசிக்கும் ஆப் சர்வருக்கும் இடையே ஒரு பக்கத்தைத் திறக்க ஒன்றிரண்டு பயணங்கள்தான் நடக்கின்றன. ஆப் சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலோ அதே ஒரு பக்கத்துக்காக இருபது, முப்பது, சில சமயம் நூறு பயணங்கள் நடக்கின்றன. அதுவும் ஒன்றின் விடை வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் முறையில் நடக்கின்றன. எந்த வழியில் அதிகம் நடக்கிறோமோ அந்த வழிதான் குட்டையாக இருக்க வேண்டும்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கடைக்கு பில் போடும் மென்பொருளை நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். ‘தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும்’ என்று யோசித்துத் தரவுத்தளத்தை மும்பையில் வைத்தோம். ஆப்பை, சர்வரை நாமே நிர்வகிக்கத் தேவையில்லாத ஒரு சர்வர்லெஸ் தளத்தில் ஏற்றியபோது, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இயங்கும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கடையில் கல்லாவில் இருந்த பையன் பில் எண்ணைத் தட்டிவிட்டு, திரை வருவதற்குள் அடுத்த வாடிக்கையாளரின் துணிக்கட்டை எடுத்து எடைபோட்டுவிட்டு வந்துவிடுவான். என்னென்ன நடந்தது என்று பதிவாகும் லாக்கை எடுத்துப் பார்த்தோம். அந்த ஒரு திரைக்கு 41 குவெரிகள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்): பில்லுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, பில்லில் உள்ள ஒவ்வொரு துணி வகைக்கும் தனித்தனியாக விலைக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மும்பைக்குப் போய்த் திரும்ப 210 மில்லிசெகண்டு. 41-ஐ 210-ஆல் பெருக்கினால் எட்டரை நொடிக்கு மேல். தரவுத்தளம் அந்த எட்டரை நொடியில் உண்மையாக வேலை செய்தது இருபது மில்லிசெகண்டுகூட இல்லை. மீதி நேரமெல்லாம் கேள்வியும் விடையும் கடலடியில் போய் வந்துகொண்டிருந்தன. ஆப்பின் அமைப்பில் ரீஜனை மும்பை என்று மாற்றி ஒரே ஒரு வரியைத் திருத்தினோம். திரை அரை நொடிக்குள் வந்தது. துணி வகைகளை ஒரே குவெரியில் கேட்கும்படி நிரலைத் திருத்தும் வேலையை அடுத்த வாரம் செய்தோம். அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் முதலில் திருத்த வேண்டியது இடம்.

ஆகவே எந்தக் குழு என்னிடம் ‘தரவுத்தளத்தை எங்கே வைக்கலாம்’ என்று கேட்டாலும், ‘உங்கள் ஆப் எங்கே ஓடுகிறது’ என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி. பலருக்கு அதற்கு உடனே விடை தெரிவதில்லை.

புதிய இணைப்பை ஏற்படுத்தவும் இவ்வளவு நேரம் ஆகுமா?

குவெரியைவிட அதிகம் ஆகும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். டிசிபி எனும் அடிப்படை இணைப்புக்கு ஒரு பயணம், ‘மறையாக்கம் செய்யலாமா’ என்று கேட்பதற்கு ஒன்று, மறையாக்கத்தைத் தொடங்கும் டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு ஒன்று, அதன்பின் ஸ்க்ராம் முறையில் கடவுச்சொல்லைச் சரிபார்க்க மூன்று என்று ஆறு பயணங்கள் முடிந்த பிறகுதான் முதல் குவெரியை அனுப்ப முடியும். 1 மில்லிசெகண்டு தூரத்தில் இது யாருக்கும் தெரியாது. 210 மில்லிசெகண்டு தூரத்தில் ஒன்றேகால் நொடி ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் 17-இல் இரண்டாவது பயணத்தைத் தவிர்க்கும் நேரடி டிஎல்எஸ் அமைப்பு வந்திருக்கிறது, இருந்தாலும் பி.ஜி.பவுன்ஸர் போன்ற ஒரு பூலரை வைத்து, திறந்த இணைப்புகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதுதான் முறையான தீர்வு. அந்தப் பூலரும் தரவுத்தளம் இருக்கும் ரீஜனிலேயே இருக்க வேண்டும்.

ஒரே ரீஜனுக்குள் ஆப்பும் தரவுத்தளமும் ஒரே ஜோனில் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் குவெரிகள் மிக அதிகமான ஆப்புகளில் வேறுபாடு தெரியும். அமேசானில் ஒரு ஜோனிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போனால் ஒவ்வொரு திசையிலும் ஜிபிக்கு 1 சென்ட் வாங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுணுக்கம் இருக்கிறது: அங்கே பழைய ரீஜன்களில், உங்கள் கணக்கில் ‘ஏ’ என்று காட்டப்படும் ஜோனும் இன்னொருவர் கணக்கில் ‘ஏ’ என்று காட்டப்படுவதும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. தரவுத்தளம் ஒரு கணக்கிலும் ஆப் வேறொரு கணக்கிலும் இருந்தால், எழுத்தை நம்பாமல் ஜோனின் அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாமதத்தை எப்படி அளப்பது?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு ரீஜன்களிலும் மிகச் சிறிய தரவுத்தளம் ஒவ்வொன்றை ஒரு நாளுக்கு மட்டும் எடுத்து, உங்கள் ஆப் ஓடப்போகும் அதே இடத்திலிருந்து, திறந்த ஒரே இணைப்பில் ‘செலக்ட் 1’ என்ற குவெரியை ஆயிரம் முறை அனுப்பிப் பாருங்கள். அந்தக் குவெரி எந்த அட்டவணையையும் தொடுவதில்லை என்பதால் வரும் எண் ஏறக்குறைய முழுவதும் பயண நேரமே. சராசரியை மட்டும் பார்க்காமல், நூறில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; பயனர் திட்டுவது அந்த ஒன்றுக்காகத்தான். பல தரவுத்தள முகவரிகள் பிங் என்ற இணைப்புச் சோதனைக்கு விடை தருவதில்லை. அதனால் பிங் வேலை செய்யவில்லை என்று குழம்ப வேண்டாம்.

பயனரின் பக்கத்தை அலுவலக வைஃபையிலிருந்து அளக்காதீர்கள். தேனியிலோ திருவாரூரிலோ இருக்கும் ஒருவரின் கைபேசியில், இரவு எட்டு மணிக்கு, அவர் உண்மையில் பயன்படுத்தும் சிம்மில் அளந்து பாருங்கள். மொபைல் நெட்வொர்க்கே பல பத்து மில்லிசெகண்டுகளைச் சேர்த்துவிடுவதால், ஹைதராபாத்துக்கும் மும்பைக்கும் உள்ள வேறுபாடு அங்கே பெரும்பாலும் மறைந்துபோய்விடும். இந்த இரண்டுக்கும் இடையே பத்து மில்லிசெகண்டுக்காக ஒரு வாரம் விவாதித்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தைக் குவெரிகளைக் குறைப்பதில் செலவிட்டிருந்தால் பயன் பல மடங்கு இருந்திருக்கும்.

தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

எல்லாத் தரவுக்கும் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. எந்தத் தொழில் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது.

மிகக் கண்டிப்பானது பணப் பரிவர்த்தனை. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பணப் பரிவர்த்தனை அமைப்புகளின் முழுத் தரவும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று கூறி, அதற்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2019 ஜூனில் வந்த விளக்கத்தின்படி, வெளிநாட்டில் செயலாக்கம் நடந்தாலும், ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் தரவை அங்கிருந்து அழித்துவிட்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நீங்கள் பணப் பரிவர்த்தனை நிறுவனத்துக்கு மென்பொருள் செய்பவர் என்றால் சிங்கப்பூர் பற்றிய பேச்சே இங்கே முடிந்துவிடுகிறது. ரெப்ளிகாவும் (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகல்) பேக்கப்பும்கூட இதில் அடக்கம் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். பங்குச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்குச் செபி 2023 மார்ச்சில் வெளியிட்ட கிளவுட் வரையறையும் தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

கணக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விதி இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்னணு வடிவில் வைக்கப்படும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் இருக்கும் சர்வரில், நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் அவருடைய ஆடிட்டர் இதைக் கேட்பார்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேரெதிரான வழியில் போகிறது. எந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் தடை, மற்றவற்றுக்கு அனுப்பலாம். ஆனால் மேலே சொன்னவை போல வேறு சட்டம் கடுமையான விதி வைத்திருந்தால் அதுவே செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களின் தரவையும் வைத்திருந்தால் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தக்கூடும். அந்தப் பயனர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் அல்லது அயர்லாந்தில் தனித் தரவுத்தளம் வைப்பது பல குழுக்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். சட்டம் ஒதுக்கிவிட்ட ரீஜனின் வேகத்தை அளந்து பயனில்லை.

ஒரு ரீஜனுக்குள் பல ஜோன்களில் வைத்துவிட்டால் போதாதா?

அன்றாடக் கோளாறுகளுக்குப் போதும். வட்டு கெட்டுப்போவது, ஒரு தரவு மையத்தில் மின்சாரம் போவது போன்றவற்றுக்கு, இரண்டாவது ஜோனில் எப்போதும் ஒத்திசைவாக இருக்கும் ஸ்டாண்ட்பை என்ற மாற்றுத் தரவுத்தளம் தயாராக இருக்கும், அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்.டி.எஸ்ஸில் மாறிக்கொள்ள வழக்கமாக ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஆகும். பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் எந்தத் தரவுத்தளத்துக்கும் இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் ரீஜன் முழுவதும் முடங்கிய நாட்களும் உண்டு. 2025 அக்டோபர் 20-இல் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் ரீஜனில், டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவைப் புதுப்பிக்கும் தானியங்கி அமைப்பில் ஏற்பட்ட பிழையால் அந்தப் பதிவே வெறுமையாகிவிட்டது. தரவு மையக் கட்டடங்களுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. ஆனாலும் உலகெங்கும் பல சேவைகள் பல மணி நேரம் இயங்கவில்லை. 2023 ஏப்ரலில் பாரிஸில் உள்ள கூகுள் ரீஜனில் தண்ணீர்க் கசிவும் அதைத் தொடர்ந்த தீயும் ஒரு ஜோனில்தான் நடந்தன. ஆனாலும் முதல் சில மணி நேரம் ரீஜன் முழுவதுமே பாதிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு தரவு மையத்தில் பிடித்த தீ, ககாவ் டாக் என்ற அந்த நாட்டின் அன்றாடச் செய்திச் செயலியை நிறுத்தியது. எல்லாச் சேவைகளும் மீளப் பல நாட்கள் ஆயின.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 2021 மார்ச் 10-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்தது. ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. தரவையும் அதன் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயின. அவர்களில் சிலர் பேக்கப்புக்காகப் பணமும் கட்டியிருந்தார்கள்.

அப்படியானால் இரண்டாவது ரீஜனாக எதை எடுப்பது?

முதல் ரீஜனைத் தாக்கும் அதே வெள்ளமோ புயலோ மின்தடையோ தாக்காத இடத்தை. மும்பை கடற்கரை நகரம். 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஹைதராபாத் உள்நாட்டில், தக்காணப் பீடபூமியில், 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அமேசானிலும் ஆரக்கிளிலும் இந்த இரண்டையும் இணையாக வைப்பது நல்ல ஏற்பாடு. கூகுளில் மும்பையும் டெல்லியும். 2012 ஜூலை 31-இல் வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் ஒரே நேரத்தில் விழுந்தபோது மேற்கும் தெற்கும் தப்பின. அதைப் போன்ற ஒரு நாளில் டெல்லியும் மும்பையும் சேர்ந்து விழாமல் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். சென்னையை இரண்டாவதாக வைக்கும்போது 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையையும் புனேயையும் ஒரே புயல் தாக்குவது அரிது என்பதால் அந்த இணை சரியானதே.

எல்லோரும் இரண்டாவது ரீஜனில் முழுத் தரவுத்தளத்தை ஓடவிட வேண்டியதில்லை. சிறிய கடைகளுக்கான மென்பொருள் என்றால் நாள்தோறும் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்துத் தரவின் முழு நகலை) இரண்டாவது ரீஜனுக்கு நகலெடுத்தாலே போதும். செலவு சேமிப்பிடத்துக்கும் நகலெடுக்கும் தரவுக்கும் மட்டுமே. ஒரு நாள் பில்களை இழக்க முடியாது என்பவர்கள் வாசிக்க மட்டும் பயன்படும் ரீட் ரெப்ளிகா வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் மறையாக்கச் சாவி. அமேசானில் சாவி வழக்கமாக ஒரு ரீஜனுக்கு உரியது. மறையாக்கம் செய்யப்பட்ட ஸ்னாப்ஷாட்டை வேறு ரீஜனுக்கு நகலெடுக்கும்போது அங்குள்ள ஒரு சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கான அனுமதியை முதல் ரீஜன் முடங்கிய நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது ரீஜனில் அந்த நகலிலிருந்து ஒரு தரவுத்தளத்தை உண்மையாகவே எழுப்பி, ஆப்பை அதோடு இணைத்து, ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அந்த எண்ணைத்தான் வாடிக்கையாளரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்.

இரண்டு ரீஜன்களிலும் எழுதும் வசதி வைத்துக்கொண்டால் இந்தக் கவலையெல்லாம் தீருமே?

வேறு கவலை வரும். இரண்டு இடத்திலும் பதிந்த பிறகே ‘ஆயிற்று’ என்று சொல்லும்படி வைத்தால், ஒவ்வொரு கமிட்டும் (எழுதியதை உறுதிசெய்யும் படி) இரண்டு ரீஜன்களுக்கு இடையிலான பயணத்துக்குக் காத்திருக்கும். கூகுள் ஸ்பேனர் போன்ற தரவுத்தளங்கள் இந்த விலையைக் கொடுத்துத்தான் பிழையில்லாத ஒத்திசைவைத் தருகின்றன. காத்திருக்காமல் பிறகு அனுப்பினால் மோதல் வரும். கிடங்கில் ஒரே ஒரு கட்டுத் துணி மிஞ்சியிருக்கிறது. ஒருவர் மும்பை வழியாகவும் இன்னொருவர் ஹைதராபாத் வழியாகவும் அதே நொடியில் அதை விற்றுவிடுகிறார்கள். பல ரீஜன்களில் எழுத விடும் டைனமோடிபியின் குளோபல் டேபிள்கள் வழக்கமான அமைப்பில் கடைசியாக எழுதியதையே வைத்துக்கொள்ளும். முந்தைய எழுத்து சத்தமில்லாமல் மறையும். இருப்பும் பணமும் உள்ள ஆப்புகளுக்கு, எழுத்தை ஒரே ரீஜனில் வைத்துக்கொண்டு, வாசிப்பை மட்டும் தேவைப்பட்டால் பரப்புங்கள்.

எந்த ரீஜன் மலிவு?

அமெரிக்க ரீஜன்கள் பொதுவாக மலிவு. அமேசானில் ரீஜனிலிருந்து இணையத்துக்குப் போகும் முதல் அடுக்குத் தரவுக்கு வர்ஜீனியாவில் ஜிபிக்கு 0.09 டாலர், மும்பையில் 0.1093 டாலர் என்பதே பல ஆண்டுகளாக விலைப்பட்டியலில் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காகத் தரவுத்தளத்தைக் கடல்தாண்டி வைக்காதீர்கள். புதிய ரீஜன்களில் சில சர்வர் வகைகளும் சில வசதிகளும் தாமதமாகவே வரும் என்பதால், விலையைப் பார்ப்பதற்கு முன் உங்களுக்கு வேண்டிய வகை அங்கே கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயனர்கள் இருந்தால்?

எழுதுபவர்கள் எங்கே அதிகம் என்பதைப் பாருங்கள். தமிழ் வாசகர்களுக்கான ஒரு செயலியில் எழுத்தும் பணமும் சென்னையிலும் கோவையிலும் நடக்க, கோலாலம்பூரில் இருப்பவர்கள் வாசிக்க மட்டும் செய்கிறார்கள் என்றால், தரவுத்தளம் மும்பையிலும் படங்களும் பக்கங்களும், பயனருக்கு அருகில் நகல் வைத்து வழங்கும் சிடிஎன்னிலும் இருந்தால் போதும். வணிகமே சிங்கப்பூர், மலேசியாவில்தான் என்றால் சிங்கப்பூரே சரி; சென்னையிலிருந்து வேலைசெய்யும் உங்கள் குழுவுக்கும் அது தூரமில்லை. இலங்கைக்கு 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும், கொழும்பிலிருந்து இந்தியாவுக்கு வரும் பாதை வரைபடத்தில் தெரிவதுபோல் குட்டையாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கணக்கில் கொண்டு, அங்கிருந்தே அளந்து பாருங்கள். ஐரோப்பாவில் வைத்தால் செங்கடல் கேபிள்களை நம்பியிருக்க நேரும். 2025 செப்டம்பரில் அங்கே கேபிள்கள் அறுந்தபோது அந்த வழியாகப் போகும் போக்குவரத்தில் தாமதம் கூடியதாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது.

தவறான ரீஜனில் வைத்துவிட்டோம். இப்போது மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் பொத்தானை அழுத்தி மாற்ற முடியாது. சரியான ரீஜனில் புதிய தரவுத்தளத்தை உருவாக்கித் தரவை அங்கே கொண்டுபோக வேண்டும். இரவில் இரண்டு மணி நேரம் கடையை மூடி வைக்கலாம் என்றால், ஆப்பை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் எடுத்து, நகலெடுத்து, அங்கே எழுப்புவதே மிகப் பாதுகாப்பான வழி. நிறுத்தவே முடியாது என்றால் புதிய ரீஜனில் ரெப்ளிகா ஒன்றை ஓடவிட்டு, அது பழையதை முழுவதும் எட்டிப் பிடித்ததும் சில நிமிடங்கள் மட்டும் எழுத்தை நிறுத்தி, ரெப்ளிகாவை முதன்மையாக உயர்த்துங்கள்.

தரவில் நடக்கும் மாற்றங்களை இன்னொரு தரவுத்தளத்துக்கு அனுப்பும் போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். அட்டவணையின் அமைப்பில் செய்யும் மாற்றங்களை அது எடுத்துச் செல்வதில்லை. ஆகவே மாற்றம் நடக்கும் வாரத்தில் புதிய நெடுவரிசை எதையும் சேர்க்காதீர்கள். 18-ஆம் பதிப்பு வரை, அடுத்த வரிசை எண்ணைத் தரும் சீக்வென்ஸ்களின் மதிப்பையும் அது எடுத்துச் செல்வதில்லை. பில் எண் 58,214 வரை போயிருக்க, புதிய இடத்தில் சீக்வென்ஸ் 1-இலிருந்து தொடங்கி, மறுநாள் காலை முதல் பில்லிலேயே பிழை காட்டும். மாறுவதற்கு முன் ஒவ்வொரு சீக்வென்ஸையும் பழையதைவிடச் சில ஆயிரம் தள்ளி அமைத்துவிடுங்கள். ஆப் தரவுத்தளத்தைத் தேடும் முகவரிப் பெயரின் டிடிஎல்லை (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் காலத்தை) ஒரு நாள் முன்பே 60 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். ஆப் சர்வரையும் அதே இரவில் கூடவே கொண்டுபோங்கள். தரவுத்தளத்தை மட்டும் நகர்த்திவிட்டு ஆப்பை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று விட்டால், அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு குவெரியும் கடல்தாண்டிப் போய்வரும். பழைய தரவுத்தளத்தை அழிக்காமல், எழுத்தை மட்டும் தடுத்துவிட்டு இரண்டு வாரம் வைத்திருந்து, மாத முடிவுக் கணக்கு ஒருமுறை ஒத்துவந்த பிறகு நீக்குங்கள்.